விதியெல்லாம் தெரிகிறது, கைதான் கேட்க மாட்டேன் என்கிறது: குறுகிய கால டிரேடிங்குக்கு மனதை எப்படிப் பழக்குவது?

பச்சைமெழுகு (கேள்வி)

வணக்கம். 2 முதல் 10 நாள் வரை வைத்திருக்கும் ஸ்விங் டிரேடிங் பற்றிய கேள்வி. செட்டப் (எப்போது வாங்குவது என்ற நிலவரம்) எளியதுதான். ஏறுமுகத்தில் உள்ள பங்கு 20 நாள் சராசரி வரை இறங்கி வந்து, மறுபடி முந்தைய நாள் உச்சத்தைத் தாண்டும்போது வாங்குவது. கடைசிப் பள்ளத்துக்கு (விலை கடைசியாக இறங்கித் திரும்பிய இடம்) கீழே ஸ்டாப்லாஸ், அதாவது விலை அங்கே இறங்கினால் நஷ்டத்தோடு விற்றுவிடும் ஆர்டர். டார்கெட், அதாவது லாபத்தில் விற்கும் இடம், ரிஸ்க்கில் (ஸ்டாப்லாஸ் அடித்தால் போகும் தொகை) இரண்டு மடங்கு. பழைய சார்ட்டில் ஓட்டிப் பார்த்தால் லாபம் நிற்கிறது, நிஜப் பணத்தில் நிற்பதில்லை. விதி உடைகிற இடம் மூன்று:

1. விலை ஸ்டாப்லாஸை நெருங்கினால் அதைக் கீழே நகர்த்திவிடுவது.
2. லாபம் டார்கெட்டில் பாதி தூரம்கூட வருவதற்குள் புக் பண்ணிவிடுவது (விற்று லாபத்தைக் கையில் எடுப்பது).
3. அடுத்தடுத்து இரண்டு நஷ்டம் வந்தால் மூன்றாவதில் குவான்டிட்டியை (வாங்கும் பங்கு எண்ணிக்கையை) இரட்டிப்பாக்குவது.

முதல் பணத்தை ஒன்று அல்லது இரண்டு பங்கில் முழுசாகப் போடுவதால் ஒரு ஸ்டாப்லாஸ் அடித்தாலே 3 முதல் 5% போகிறது. "உணர்ச்சியை விட்டுவிடு", "தியானம் செய்" என்பதெல்லாம் கேட்டாயிற்று. நாளைக் காலை சந்தை திறக்கும்போது கையால் செய்யக்கூடியதாக ஏதாவது சொல்லுங்கள்.

---

கணக்குப்பிள்ளை

மூன்று குறைகளை வரிசை போட்டு எழுதிவிட்டு, அதன் காரணத்தைப் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள்: ஒரு ஸ்டாப்லாஸுக்கு 3 முதல் 5%. அந்த அளவில் யார் உட்கார்ந்தாலும் கை நடுங்கும். எனவே மனதை அப்புறம் பார்ப்போம், முதலில் குவான்டிட்டி.

உங்கள் முறையில் 100க்கு 45 டிரேடு வெல்கிறது என்று வைத்துக்கொள்வோம். மீதி 55 தோல்வி. 100 டிரேடுக்குள் எங்காவது ஓரிடத்தில் தொடர்ந்து 6 தோல்வி வருவதற்கான வாய்ப்பு சுமார் 70%. தொடர்ந்து 8 வருவதற்கே சுமார் 30% இருக்கிறது. முறை கெட்டுப்போனதால் இப்படி வருவதில்லை. 45% என்றாலே இதுவும் அதற்குள் அடக்கம். இப்போது அந்த 6 தோல்வியை இரண்டு அளவில் பாருங்கள். ஒரு டிரேடுக்கு 4% ரிஸ்க் என்றால் முதல் பணத்தில் 21.7% கரைந்திருக்கும், மீண்டு வர 27.8% சம்பாதிக்க வேண்டும். 1% ரிஸ்க் என்றால் கரைவது 5.9%, மீள 6.2% போதும். முதல் ஆள் ஏழாவது டிரேடில் விதியை மீறுவார். இரண்டாவது ஆளுக்கு மீற வேண்டிய தேவையே வராது. இரண்டு பேருடைய மனமும் ஒன்றுதான், குவான்டிட்டிதான் வேறு.

குவான்டிட்டி கணக்கு இது, ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள் (என்ட்ரி என்றால் வாங்குவது, ஸ்லிப்பேஜ் என்றால் நினைத்த விலைக்கும் நிஜத்தில் கிடைக்கும் விலைக்கும் உள்ள வித்தியாசம்):

பங்கு எண்ணிக்கை = (முதல் × ரிஸ்க் சதவீதம்) ÷ (என்ட்ரி விலை − ஸ்டாப் விலை + ஸ்லிப்பேஜ்)

முதல் 1,00,000. ரிஸ்க் 1%, அதாவது 1,000. என்ட்ரி 250. பள்ளம் 243, ஸ்டாப் 242. வித்தியாசம் 8, ஸ்லிப்பேஜுக்கும் கட்டணத்துக்கும் ஒரு 0.50 சேர்த்தால் 8.50. 1,000 ÷ 8.50 = 117 பங்கு. போடும் பணம் 29,250. இதே இடத்தில் முதல் முழுவதையும் போட்டால் 400 பங்கு, ஸ்டாப் அடித்தால் 3,400 போகும். என்ட்ரி, ஸ்டாப், சார்ட் எதிலும் மாற்றமில்லை. நெஞ்சு அடித்துக்கொள்ளும் வேகத்தில் மட்டும்தான் மாற்றம்.

அந்த 1,000ஐ, அதாவது ஒரு டிரேடுக்கான ரிஸ்க்கை, இனி "1 ஆர்" என்று சொல்லிப் பழகுங்கள். லாபத்தையும் நஷ்டத்தையும் பணமாகப் பேசாமல் ஆரில் பேசினால் மூன்று குறைகளின் விலையும் துல்லியமாகத் தெரியும்.

45% வெற்றி, சராசரி லாபம் 1.8 ஆர், நஷ்டம் 1 ஆர் என்றால் ஒரு டிரேடின் சராசரி வரவு: 0.45 × 1.8 − 0.55 × 1 = 0.26 ஆர். உங்கள் விதிப்புத்தகம் சம்பாதித்துத் தருவது இவ்வளவுதான்.

குறை 1: ஸ்டாப்லாஸை நகர்த்துகிறீர்கள். பத்து தோல்வியில் ஒன்பது 1 ஆரிலேயே நிற்கிறது, ஒன்று மட்டும் 4 ஆர் வரை போகிறது. சராசரி நஷ்டம் 1.3 ஆர் ஆகிவிடும். வரவு 0.81 − 0.715 = 0.095 ஆர். ஒரே ஒரு நகர்த்தல், வரவில் 60 சதவீதத்துக்கு மேல் காலி.

குறை 2: 1 ஆரிலேயே புக் பண்ணுகிறீர்கள். சீக்கிரம் விற்பதால் வெற்றி விகிதம் 50% ஆக ஏறும் என்றே தாராளமாக வைத்துக்கொள்வோம். 0.50 − 0.50 = 0. கட்டணத்தைக் கழித்தால் மைனஸ். வெற்றி விகிதம் கூடியதால் "நன்றாகத்தானே போகிறது" என்று வேறு தோன்றும். மூன்றில் இதுதான் கள்ளத்தனமானது.

குறை 3: 1, 1, 2, 4 என்று ஏற்றிக்கொண்டே போனால் தொடர்ந்து நான்கு தோல்வியில் 8 ஆர் போகும். 55% தோல்வி உள்ள முறையில் ஒரு டிரேடில் தொடங்கி நான்கும் தோற்க வாய்ப்பு சுமார் 9%. பதினொன்றில் ஒன்று. நீங்கள் இப்போது போடும் 4% அளவில் 8 ஆர் என்றால் முதல் பணத்தில் 32%.

ஆகவே நாளை செய்ய வேண்டியது: ரிஸ்க் 0.5%. ஆம், 1% கூட அல்ல, அதில் பாதி. 30 டிரேடு வரை 0.5%. சலிப்பாக இருக்கிறது என்று தோன்றினால் அளவு சரியாக இருக்கிறது என்று பொருள்.

---

வரைகோடு

கணக்குப்பிள்ளை சார் சொன்ன கணக்கில் மறுப்பில்லை. ஆனால் குவான்டிட்டியைக் குறைத்தால் எல்லாம் அடங்கிவிடும் என்பதை ஒப்புக்கொள்ள முடியவில்லை. 0.5% ரிஸ்க்கிலும் ஸ்டாப்லாஸை நகர்த்துகிறவர்கள் உண்டு. இன்னும் சுலபமாக நகர்த்துவார்கள், "சின்னத் தொகைதானே" என்று.

இதன் வேர் வேறு இடத்தில் இருக்கிறது. உளவியலாளர்கள் டேனியல் கானமன், ஏமோஸ் ட்வெர்ஸ்கி இருவரும் 1979இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் இரண்டு கேள்விகள் வருகின்றன. நிச்சயமாக 3,000 வேண்டுமா, அல்லது 80% வாய்ப்பில் 4,000 வேண்டுமா? 80% பேர் நிச்சயத்தை எடுத்தார்கள். அதையே நஷ்டமாகத் திருப்பிப் போட்டார்கள்: நிச்சயமாக 3,000 இழப்பதா, அல்லது 80% வாய்ப்பில் 4,000 இழப்பதா? இப்போது 92% பேர் சூதாட்டத்தை எடுத்தார்கள். லாபத்தில் பயம், நஷ்டத்தில் துணிச்சல். உங்கள் குறை 2க்கும் குறை 1க்கும் வேர் இதுதான். அவற்றைத் தனித்தனியாக மருந்து போட்டு ஆற்ற வேண்டியதில்லை.

பங்குச் சந்தையில் இதற்கு "டிஸ்பொசிஷன் விளைவு" என்று நிதி ஆய்வாளர்கள் ஷெஃப்ரினும் ஸ்டாட்மனும் 1985இல் பெயர் வைத்தார்கள். பிறகு 1998இல் டெரன்ஸ் ஓடீன் 10,000 தரகுக் கணக்குகளை எடுத்துப் பார்த்தார். லாபத்தில் நின்ற பங்கை விற்கக் கிடைத்த வாய்ப்புகளில் 14.8% பயன்படுத்தப்பட்டிருந்தது. நஷ்டத்தில் நின்றதற்கு 9.8% மட்டுமே. விற்றுத் தள்ளிய லாபப் பங்குகள், பிடித்து வைத்திருந்த நஷ்டப் பங்குகளைவிட அடுத்த ஓராண்டில் சராசரியாக 3.4 சதவீதப் புள்ளி அதிகம் தந்தன. ஆகவே இது உங்களுக்கு மட்டும் வந்த கோளாறு இல்லை. மனித மூளை அப்படித்தான் வந்திருக்கிறது, மன உறுதியால் மாற்ற முயல்வது வீண் வேலை. செய்யக்கூடியது ஒன்றுதான்: முடிவெடுக்கும் நேரத்தை முன்னால் தள்ளுவது. கையில் பொசிஷன் (வாங்கி வைத்திருக்கும் பங்கு) இல்லாதபோது எடுத்த முடிவு, பொசிஷன் இருக்கும்போது எடுப்பதைவிட எப்போதும் சுத்தமானது.

இரண்டு விஷயம் செய்யுங்கள்.

முதலாவது, ஸ்டாப்லாஸின் இடம். அதை ஏன் நகர்த்தத் தோன்றுகிறது? பல நேரம் அது தப்பான இடத்தில் இருப்பதால்தான், அது உங்கள் உள்மனதுக்கும் தெரிகிறது. வெல்லஸ் வைல்டர் 1978இல் கொண்டுவந்த ஏடிஆர் என்ற அளவை எந்தச் சார்ட்டிலும் இருக்கும். கடந்த 14 நாளில் பங்கு ஒரு நாளைக்குச் சராசரியாக எவ்வளவு அசைந்தது என்று அது சொல்லும். மேலே உள்ள எடுத்துக்காட்டில் ஏடிஆர் 6 என்று வைத்துக்கொள்ளுங்கள். என்ட்ரி 250, ஸ்டாப் 247 என்று "இறுக்கமாக" வைத்தால் அது அரை நாள் அசைவுக்குள் விழுகிறது. பங்கு சும்மா மூச்சு விட்டாலே அடிக்கும், அடித்துவிட்டுத் திரும்பி ஏறும். இப்படி நாலு முறை நடந்தால் ஐந்தாவது முறை எவரும் நகர்த்துவார். 242 என்றால் 1.3 ஏடிஆர், பள்ளத்துக்கும் கீழே. அங்கே விலை வந்தால் "ஏறுமுகம்" என்ற நம் கணிப்பே பொய் என்று ஆகிறது. ஸ்டாப் என்பது நஷ்டம் வலிக்கிற இடத்தில் வைப்பதல்ல, கணிப்பு செல்லாமல் போகிற இடத்தில் வைப்பது. தூரம் அதிகமானால் பங்கு எண்ணிக்கையைக் குறையுங்கள், ஸ்டாப்பை மேலே இழுக்காதீர்கள்.

இரண்டாவது, என்ட்ரி நிறைவேறிய அதே நிமிடத்தில் ஸ்டாப், டார்கெட் இரண்டையும் ஒரே ஜோடி ஆர்டராகப் போட்டுவிடுங்கள், ஒன்று நிறைவேறினால் மற்றது தானாக ரத்தாகும் வகையில். "மனதில் ஸ்டாப் வைத்திருக்கிறேன்" என்பது ஸ்டாப் இல்லை. போட்ட பிறகு ஒரே திசை விதி: ஸ்டாப் மேலே போகலாம், கீழே வரக்கூடாது.

---

ஒற்றைவரி

எல்லோரும் மனநிலை பேசுகிறீர்கள். கட்டணத்தைக் கொஞ்சம் பாருங்கள். வாங்கி விற்க மொத்தம் 0.25% ஆகிறது என்றால், 250க்கு 8 தூரம் வைத்த ஸ்விங் டிரேடில் (3.2%) அது 0.08 ஆர். அதையே இன்ட்ராடேயில் (அன்றே வாங்கி அன்றே விற்பதில்) 0.5% ஸ்டாப் வைத்துச் செய்தால் 0.5 ஆர். 0.26 ஆர் சம்பாதிக்கும் முறை அங்கே முதல் நாளே செத்துவிடும், அதற்கு மனதைக் குறை சொல்லி என்ன பயன். பார்பரும் ஓடீனும் 2000இல் எழுதியதில் 66,465 குடும்பங்களின் 1991 முதல் 1996 வரையிலான கணக்குகள் இருக்கின்றன. அதிகம் வாங்கி விற்றவர்களுக்கு ஆண்டுக்கு 11.4%, அதே காலத்தில் சந்தை 17.9%. டிரேடு எண்ணிக்கையைக் குறைப்பதும் ஒரு மனப்பயிற்சிதான்.

---

பச்சைமெழுகு

நன்றி. 117 பங்கு கணக்கு பளிச்சென்று புரிந்தது. இரண்டு சந்தேகம். 1 ஆரில் பாதியை விற்றுவிட்டு மீதிக்கு ஸ்டாப்பை என்ட்ரி விலைக்குக் கொண்டுவந்தால் குறை 2 தீருமா? அப்புறம், இரவோடு இரவாக கேப் விழுந்தால் (காலையில் விலை ஸ்டாப்பையும் தாண்டிக் கீழே திறந்தால்) 1% என்ற கணக்கு என்ன ஆகும்?

---

கணக்குப்பிள்ளை

பாதி விற்பதற்குக் கணக்கு இப்படி. 100 டிரேடில் 45 நேராக ஸ்டாப்புக்குப் போகிறது. 15 டிரேடு 1 ஆரைத் தொட்டுவிட்டுத் திரும்பி ஸ்டாப்பில் அடிக்கிறது. 40 டிரேடு 2 ஆரைத் தொடுகிறது. எதையும் தொடாமல் விட்டால்: 0.40 × 2 − 0.60 = 0.20 ஆர்.

பாதி விற்று, ஸ்டாப்பை என்ட்ரிக்கு நகர்த்தினால்: அந்த 40இல் ஒரு 10 டிரேடு, 1 ஆருக்குப் பிறகு என்ட்ரி வரை இறங்கிவிட்டுத்தான் 2 ஆருக்குப் போகும் வகை என்று வைத்துக்கொள்ளுங்கள், அதில் மீதிப் பாதியை இழப்பீர்கள். 30 டிரேடில் 1.5 ஆர், 25 டிரேடில் (15 + 10) 0.5 ஆர், 45 டிரேடில் மைனஸ் 1. கூட்டினால் 0.45 + 0.125 − 0.45 = 0.125 ஆர்.

ஆக நிம்மதிக்கு நீங்கள் கொடுக்கும் விலை டிரேடுக்கு 0.075 ஆர். இந்த எண்கள் எடுத்துக்காட்டுக்குத்தான், உங்கள் பழைய டிரேடுகளை எடுத்து இதே மூன்று கூடையில் போட்டு எண்ணிப் பாருங்கள். இப்போது நீங்கள் பாதி தூரத்தில் முழுசாக விற்று மைனஸில் நிற்பதால், 0.125 என்பது முன்னேற்றம். முதல் 50 டிரேடுக்குப் பாதி விற்பனை வைத்துக்கொள்ளுங்கள், பிறகு எடுத்துவிடலாம். ஆனால் "பாதி" என்பது முன்கூட்டியே ஆர்டராகப் போட்டிருக்க வேண்டும். 0.7 ஆரில் பதறி விற்றுவிட்டு அதைப் பாதி விற்பனை என்று ஜர்னலில் (டிரேடு குறிப்பேட்டில்) எழுதக்கூடாது.

---

வரைகோடு

கேப்புக்கு நான் சொல்கிறேன். ஸ்டாப் ஆர்டர், அந்த விலை தொட்டதும் மார்க்கெட் ஆர்டராக (கிடைக்கிற விலைக்கு விற்பதாக) மாறும், அவ்வளவுதான். 242இல் ஸ்டாப் இருக்க, காலையில் பங்கு 230இல் திறந்தால் 230க்குப் பக்கத்தில்தான் விற்கும். 117 பங்குக்கு 20 வீதம் 2,340. 1 ஆர் என்று நினைத்தது 2.3 ஆர் ஆகிவிட்டது. ஸ்டாப் லிமிட் ஆர்டர் (குறித்த விலைக்குக் கீழே விற்காத ஆர்டர்) போட்டால் இது தப்பும் என்று சிலர் நினைப்பார்கள். அது இன்னும் மோசம், லிமிட்டுக்குக் கீழே திறந்தால் ஆர்டர் நிறைவேறாமலே நிற்கும், நீங்களும் "திரும்பி வரும்" என்று பார்த்துக்கொண்டே நிற்பீர்கள்.

இதைத் தடுக்க வழியில்லை, அளவைக் கட்டலாம். நிறுவனத்தின் முடிவுகள் வெளியாகும் நாளுக்கு முந்தைய மாலை, கையில் போதிய லாப மெத்தை இல்லையென்றால் வெளியே வந்துவிடுங்கள், அல்லது பாதியாகக் குறையுங்கள். திறந்திருக்கும் எல்லா பொசிஷனின் ரிஸ்க்கையும் கூட்டினால் முதல் பணத்தில் 4%ஐத் தாண்டக்கூடாது. ஒரே துறையில் மூன்று பங்கு இருந்தால் அதை மூன்று டிரேடு என்று எண்ணாதீர்கள். காலையில் மூன்றும் சேர்ந்துதான் விழும், அன்றைக்கு உங்கள் ரிஸ்க் 1% அல்ல, 3%.

கேப்பில் அடிபட்டால் செய்ய வேண்டியதும் முன்பே எழுதப்பட்டிருக்க வேண்டும்: ஸ்டாப்புக்குக் கீழே திறந்தால் உடனே வெளியே. "முதல் 15 நிமிடம் பார்க்கலாம்" என்பது கானமன் சொன்ன அந்த 92% பேரின் குரல்.

---

நிதானி

குறை 3ஐ யாரும் முழுசாகத் தொடவில்லை. நஷ்டத்துக்குப் பின் ரிவெஞ்ச் டிரேடு (விட்டதைப் பிடிக்கப் போடுவது) வருவது தெரிந்த கதை. தொடர்ந்து நாலு வெற்றிக்குப் பின் வரும் அகலக்கால் யாருக்கும் கண்ணில் படுவதில்லை. இரண்டுக்கும் ஒரே வேலி போதும்: குவான்டிட்டியை மாற்றும் உரிமையை டிரேடுக்கு நடுவில் உங்களிடமிருந்து பிடுங்கிவிடுவது. ரிஸ்க் சதவீதத்தை மாதத்தில் ஒரே நாள், சந்தை மூடிய பிறகு மட்டும் மாற்றலாம். முந்தைய 30 டிரேடில் விதி மீறல் 2க்கு மேல் இருந்தால் ஏற்றக்கூடாது. லாபம் எவ்வளவு வந்திருந்தாலும் சரி.

அடுத்தது அன்றாட ஒழுங்கு. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் மனநிலை என்று பேசுவதில் முக்கால்வாசி இங்கேதான் இருக்கிறது.

முந்தைய மாலை: சந்தை மூடிய பிறகு பட்டியல் தயார் செய்யுங்கள், 5 பங்குக்கு மேல் வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் என்ட்ரி, ஸ்டாப், டார்கெட், எண்ணிக்கை நான்கும் எழுதியாக வேண்டும். பட்டியலில் இல்லாத பங்கு நாளைக்குக் கண்ணெதிரே 6% பறந்தாலும் அது நமக்கு இல்லை. பறந்துகொண்டிருப்பதைத் துரத்தி வாங்கினால் ஸ்டாப் வைக்கப் பக்கத்தில் பள்ளமே இருக்காது. ஃபோமோ டிரேடு (வாய்ப்பு போய்விடுமே என்ற பதற்றத்தில் வாங்குவது) தோற்பதற்கு இதுதான் காரணம். அங்கே ஆசை தப்பு என்பதைவிட ஸ்டாப்புக்கு இடமில்லை என்பதுதான் விஷயம்.

சந்தை நேரம்: என்ட்ரி விலைக்கு அலெர்ட் வைத்துவிட்டு எழுந்து போய்விடுங்கள். நாள் சார்ட்டில் எடுத்த டிரேடை 5 நிமிடச் சார்ட்டில் வைத்துப் பார்ப்பதுதான் சீக்கிரம் விற்பதற்குப் பெரிய தூண்டுதல். நாள் சார்ட்டில் ஒரே ஒரு சிவப்பு மெழுகாக (விலை இறக்கத்தைக் காட்டும் கட்டை) தெரிவது, 5 நிமிடச் சார்ட்டில் பல சிவப்பு மெழுகாக ஒவ்வொன்றாக மனதைக் குத்தும். செயலியில் லாப நஷ்டம் பணமாகக் காட்டும் கட்டத்தை மறைக்க வழியிருந்தால் மறைத்துவிடுங்கள். விலையும் ஸ்டாப்பும் தெரிந்தால் போதும்.

வேலி: ஒரே நாளில் 2 ஆர் போனால் அன்றைக்குப் புது என்ட்ரி கிடையாது. வாரத்தில் 4 ஆர் போனால் அடுத்த வாரம் பாதி அளவு. முதல் பணம் அதன் உச்சத்திலிருந்து 10% இறங்கினால் நிறுத்திவிட்டுக் கடைசி 30 டிரேடையும் சார்ட்டோடு திரும்பப் பார்க்க வேண்டும். ஸ்டாப் அடித்த பங்கை அன்றே மறுபடி வாங்கக்கூடாது. புது செட்டப் வந்தால் மறுநாள்.

ஜர்னல்: பலர் இதில் கட்டுரை எழுதிவிட்டு இரண்டாவது வாரம் நிறுத்திவிடுவார்கள். எட்டே கட்டம் போதும். தேதி, பங்கு, என்ட்ரி, போட்ட ஸ்டாப், எக்ஸிட், முடிவு ஆரில், விதிப்படி நடந்ததா (ஆம்/இல்லை), இல்லையென்றால் மீறலின் குறி. குறிகள் நாலுதான்: ந (ஸ்டாப் நகர்த்தல்), சீ (சீக்கிரம் விற்றது), இ (இரட்டிப்பு), து (துரத்தி வாங்கியது). மாதக் கடைசியில் இரண்டு கூட்டல் போடுங்கள். விதிப்படி நடந்த டிரேடுகளின் ஆர் மொத்தம் ஒன்று, மீறிய டிரேடுகளின் ஆர் மொத்தம் இன்னொன்று. எந்தக் குறிக்குப் பக்கத்தில் அதிகம் கசிகிறதோ அதை மட்டும் அடுத்த மாதம் பிடியுங்கள். நான்கையும் ஒன்றாகப் பிடிக்கப் போனால் ஒன்றும் நிற்காது.

இதில் மறைந்திருக்கும் பள்ளம் ஒன்று: மீறியும் லாபம் வந்த டிரேடு. ஸ்டாப்பைக் கீழே நகர்த்தினீர்கள், பங்கு திரும்பி ஏறி 1.5 ஆர் லாபம். அதை வெற்றி என்று எழுதினால் மூளை தப்பான பாடத்தைக் கற்றுக்கொள்ளும், அடுத்த முறை அந்த 4 ஆர் நஷ்டம் அங்கிருந்துதான் கிளம்பும். அந்த டிரேடை ஜர்னலில் "இல்லை, ந" என்றே எழுத வேண்டும், லாபமாக இருந்தாலும்.

---

பச்சைமெழுகு

இரண்டு வாரம் போலி டிரேடிங்கில் இதையெல்லாம் பழகிவிட்டு வரலாமா?

---

நிதானி

ஆர்டர் போடும் கை பழக்கத்துக்கு, எண்ணிக்கைக் கணக்கு தப்பில்லாமல் வருவதற்கு 20 டிரேடு போலியில் செய்யலாம். மனதுக்கு அது உதவாது, நஷ்டமே வலிக்காத இடத்தில் ஸ்டாப்பை யார் நகர்த்தப் போகிறார்கள்? அதற்குப் பிறகு 0.25% ரிஸ்க்கில் நிஜப் பணம். அப்புறம் 0.5%.

---

கணக்குப்பிள்ளை

20 டிரேடை வைத்து முறையை எடை போட்டுவிடாதீர்கள் என்பதையும் சேர்க்கிறேன். உண்மையான வெற்றி விகிதம் 45% ஆக இருந்தால், 20 டிரேடில் அது 23 முதல் 67% வரை எங்கு வேண்டுமானாலும் தெரியும். 100 டிரேடு ஆனால் 35 முதல் 55%. 20 டிரேடில் 6 வெற்றி வந்தது என்று முறையை மாற்றி, அடுத்த முறையிலும் 20 பார்த்து மாற்றி, இப்படியே ஓடுகிறவர்களுக்கு எந்த முறையும் நிற்காது. முதல் 30 டிரேடில் லாபத்தை எண்ணவே வேண்டாம். "விதிப்படி நடந்ததா" கட்டத்தில் எத்தனை "ஆம்" என்று மட்டும் எண்ணுங்கள். 27க்கு மேல் வந்தால் ரிஸ்க்கை ஒரு படி ஏற்றலாம்.

---

பச்சைமெழுகு

திரையின் ஓரத்தில் ஒட்ட இப்படி ஒரு சீட்டு எழுதியிருக்கிறேன், சரியா பாருங்கள்:

ரிஸ்க் 0.5%. எண்ணிக்கை கணக்குப் போட்ட பிறகே ஆர்டர்.
ஸ்டாப் பள்ளத்துக்குக் கீழே, குறைந்தது 1 ஏடிஆர் தூரம்.
என்ட்ரி விழுந்த நிமிடமே ஸ்டாப், 1 ஆரில் பாதி, 2 ஆரில் மீதி.
ஸ்டாப் மேலே மட்டும்.
முடிந்தவரை 5 நிமிடச் சார்ட் பார்க்க வேண்டாம்.
2 ஆர் போனால் அன்று கடை மூடல்.
திறந்த ரிஸ்க் மொத்தம் 4%. முடிவுகளுக்கு முந்தைய மாலை பாதி.

---

வரைகோடு

நன்றாக இருக்கிறது. ஐந்தாவது வரியில் "முடிந்தவரை" என்ற சொல்லை அடித்துவிடுங்கள். கடைசி வரியில், நான் முன்பு "போதிய லாப மெத்தை இல்லையென்றால்" என்று சொன்னதற்கு ஓர் எண் வேண்டும். 1 ஆருக்குக் கீழே இருந்தால் முழுசாக வெளியே, மேலே இருந்தால் பாதி என்று எழுதுங்கள். எண் இல்லாத இடத்தில் அன்றைய மாலை மனது பேரம் பேசும்.